நீல மையில் இரண்டு கண்கள்

பிப்ரவரி 9, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா அடுத்த அறையில் குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல் பிரித்தாகிவிட்டது. நேற்று தானாகவே எழுந்து ஜன்னல் வரை நடந்தாள். நடந்துகொண்டே எல்லோரையும் அதட்டினாள். "வயித்துல இருந்து குடல்வாலை எடுத்தாங்க, வாயில இருந்து எதையும் எடுக்கல போல" என்றார் அப்பா. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, பிச்சுக்கப் போகுது" என்றாள்.

நீ போன பிறகு அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்து பட்டறைக்குப் போய், ரோட்டில் தூசி கிளம்புவதற்குள் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வருகிறார். புருவத்தில் வெள்ளிப் பெயிண்டோடு அப்படியே சாப்பிட உட்காருகிறார். போனை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். யாரும் தொட முடியாது. போன வாரம் ஒருநாள் மணி அடித்தது. எடுத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். ராங் நம்பருக்கு யாராவது அவ்வளவு நேரம் காது கொடுப்பார்களா? அது நீதானே?

எனக்கு ஒரு சந்தேகம். சும்மாதான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை. உங்கள் தொலைநோக்கியை எதற்கு மேலே அனுப்ப வேண்டும்? அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொட்டை மாடிக்குப் போனா நட்சத்திரம் தெரியலையா? இன்னும் நல்லாத் தெரியணும்னா மலை மேல வைக்கட்டும். ஏன் ஆகாசத்துல கொண்டுபோய் விடணும்?" அவர் கோபத்தில் சொன்னாலும் அது சரிதானே என்று எனக்குத் தோன்றியது. மலை மேல் இருந்தால், ஏதாவது ஒரு சின்ன சாமான் விட்டுப்போயிருந்தால், யாராவது ஏறிப்போய் மாட்டிவிட்டு வரலாம். மேலே போன பிறகு என்ன செய்ய முடியும்? எங்கள் சயின்ஸ் டீச்சர், "ஒரு திருகாணி குறைஞ்சாப் போதும், மொத்தமும் குப்பைதான்" என்று சொன்னார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஜாமெட்ரி பாக்ஸை மூடிவிட்டேன்.

சின்ன சாமான் என்றால் ரொம்பச் சின்னது. கட்டைவிரல் நுனி அளவு. அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுது, அக்கா.

வீட்டு முகவரிக்கு எழுதாதே. கீழ் வீட்டுத் தையல்கார அத்தை முகவரிக்கு எழுது. அவள் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். அதனால் கேள்வி கேட்கமாட்டாள்.

வாலு

*

பிப்ரவரி 15

வாலு,

கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது. அம்மா அதட்டுகிறாள் என்ற இடத்தை மட்டும் பல தடவை படித்துவிட்டேன்.

அந்த ராங் நம்பர் நான்தான். "அப்பா" என்று கூப்பிட்டேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நான் ஒன்றும் மரக்கட்டை இல்லை, வாலு. ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். "பெத்தவ படுக்கையில கிடக்கா, உனக்கு ஆகாசத்துல வேலை. போ. உன் மிஷின் எதையாவது பார்க்கிற வரைக்கும் இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத." ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் பெட்டியைத் தூக்கினேன். தொலைநோக்கியை ஏவுதளத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், நான் கூடப் போயாக வேண்டும். அது அவருக்குக் கணக்கில் வரவே இல்லை.

சரி, உன் சந்தேகம். நீ சும்மா கேட்டாலும் நான் சும்மா பதில் சொல்ல முடியாது.

வாளித் தண்ணீரில் உன் ஹேர்பின் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். மேலிருந்து பார்த்தால் ஹேர்பின் நெளியும், ஆடும். ஹேர்பின் ஆடவில்லை, தண்ணீர்தான் ஆடுகிறது. நாம் காற்று என்ற வாளிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்க்கிறோம். நட்சத்திரம் மினுக்குகிறது என்று பாட்டுக் கட்டுகிறோம், மினுக்குவது காற்று. மலை மேல் போனால் வாளியில் தண்ணீர் குறைவு. அதனால்தான் பெரிய பெரிய தொலைநோக்கிகள் மலை உச்சிகளில் இருக்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. அப்பா சொன்னது பாதி சரி.

ஆனால் எங்களுடையது பார்ப்பது வேறு வெளிச்சம். அத்தை இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்திருப்பாளே, இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. கன்னத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் தெரியும். அதுவும் வெளிச்சம்தான், நம் கண்ணுக்கு எட்டாத வெளிச்சம். நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்தில் தூசி மேகம் மூடியிருக்கும். சாதாரண வெளிச்சம் அதைத் தாண்டி வராது, இந்த வெளிச்சம் வரும். மிகத் தொலைவிலிருந்து மிகப் பழைய காலத்தில் கிளம்பிய ஒளியும் வரும் வழியிலேயே நீண்டு நீண்டு இப்படி ஆகிவிடுகிறது. நம் காற்றில் இருக்கும் ஈரம் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். விழுங்கியது போக மீதியைப் பிடிக்கலாம் என்றால், காற்று சூடு, மலை சூடு, தொலைநோக்கியின் உடம்பே சூடு. அந்த வெளிச்சத்தில் இவையெல்லாம் பளபளவென்று எரியும். நீ போர்வைக்குள் டார்ச்சை உன் கண்ணிலேயே அடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்மினியைத் தேடுவது போல.

அதனால் காற்றைத் தாண்டிப் போக வேண்டும். பூமியின் சூடும் படாத தூரத்தில், வெயிலுக்கு ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் தெரியும்.

அதற்குக் கொடுக்கும் விலைதான் உன் டீச்சர் சொன்னது. அங்கே ஏணி போட முடியாது. குண்டூசியோடு அத்தை வரமாட்டாள். விட்டுப்போனது விட்டுப்போனதுதான். கட்டைவிரல் நுனி அளவு என்றாலும்.

எனக்கு இப்போது தொலைநோக்கி இருக்கும் கூடத்துக்குள் அனுமதி இல்லை. ஒரு மேஜையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஏவுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் கண்காணிப்பாளருக்குப் "பூட்டு" என்று பட்டப்பெயர், அலமாரியையும் வாயையும் எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். அவர் தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார், நானும் அதே பதிலைச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி, என் பதிலில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு மேல் எழுதக் கூடாது.

அம்மாவிடம் சொல்லாதே. அப்பாவிடம் சொல்லவே சொல்லாதே, சந்தோஷப்படுவார்.

அக்கா

*

பிப்ரவரி 19, இரவு

அக்கா,

அது என்னிடம்தான் இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுபடியும் எழுதுகிறேன்.

நீ கிளம்பிய அன்று உன் பையைக் கட்டிலில் கொட்டி அடுக்கினாயே, அப்போது ஒரு ஜோடி கையுறை கீழே விழுந்தது. மெல்லிசாக, வெள்ளையாக, உள்புறம் வெளியே வந்து சுருண்டு கிடந்தது. ஊதினால் பலூன் மாதிரி, மாட்டு மடி மாதிரி வரும் என்று எடுத்து ஊதினேன். ஒரு விரல் மட்டும் உப்பவில்லை. பிதுக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன சிவப்புக் கிண்ணம். உள்பக்கம் வழவழப்பு. விளிம்பில் 4 என்று பொறித்திருக்கிறது.

அப்போதே கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் வந்தேன். நீ அழுதுகொண்டே ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாய். அப்பா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீ இனிமேல் வரவே மாட்டாய் என்று நினைத்தேன். இது முக்கியமான சாமானாக இருந்தால் இதைத் தேடியாவது ஒருநாள் வருவாய் என்று கையை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் அக்கா நான் யோசித்தது. திருட வேண்டும் என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். கணக்கு வகுப்பில் போரடித்தால் சுண்டுவிரலில் மாட்டிக்கொள்வேன், சரியாகப் பொருந்தியது. இதையும் சொல்லிவிடுகிறேன்: அதில் நீல மையில் இரண்டு கண் வரைந்துவிட்டேன். இப்போது எச்சில் தொட்டுத் தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது.

நீ "விட்டுப்போனது விட்டுப்போனதுதான்" என்று எழுதியதைப் படித்த பிறகு அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைக்கப் பயமாக இருந்தது. பஞ்சில் சுற்றி, சாக்ஸில் போட்டு, பழைய ஷூவுக்குள் வைத்திருக்கிறேன். ராத்திரி எழுந்து எழுந்து இருக்கிறதா என்று பார்க்கிறேன். அது இல்லாமல் மேலே அனுப்பிவிட்டால் எல்லாம் குருடாகிவிடும், இல்லையா? உன்னை மேஜையில் உட்கார்த்தி வைத்திருப்பது இதனால்தானே? உன்னை ஜெயிலில் போடுவார்களா? என்னையா?

செய்தியில் "தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைப்பு" என்று சொன்னார்கள். அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார். பிறகு டிவியை நிறுத்திவிட்டுச் சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். நீ எழுதியது தப்பு. அவர் சந்தோஷப்படவில்லை.

இதைப் பார்சலில் அனுப்பினால் வழியில் தொலைந்துவிடுமா? நானே கொண்டுவரட்டுமா? எந்த ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். தபால்தலை மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. போன தடவையும் சரி, இன்றும் சரி, சயின்ஸ் புத்தகத்துக்குள் நான் வைக்காத தபால்தலை ஒன்று இருந்தது. அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டு. ஆனால் சீக்கிரம் திட்டு.

வாலு

*

பிப்ரவரி 23, விரைவுத் தபால்

வாலு, என் தங்கமே,

முதலில் மூச்சு விடு. விட்டாயா? இப்போது படி.

அது தொலைநோக்கியின் பாகம் இல்லை. அது ஒரு மூடி. கழற்றி எடுக்க வேண்டிய மூடி.

தொலைநோக்கி தான் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதற்குச் சின்னச் சின்னக் கண்கள் உண்டு. வேலை நடக்கும்போது அவற்றின் மேல் தூசியோ கீறலோ படக் கூடாது என்று சிவப்பு மூடி போட்டு வைத்திருப்போம். சிவப்பு என்றால், மேலே போவதற்கு முன் எடுத்தாக வேண்டும் என்று அர்த்தம். எடுத்த மூடிகளை ஒரு தட்டில் வரிசையாக வைப்போம். ஏவுதளத்துக்கு வந்து தட்டைப் பார்த்தால், நான்காம் எண் இருக்க வேண்டிய குழி காலி. அப்படியென்றால் மூடி எங்கே? தொலைநோக்கியின் மேலேயே இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த இடத்தை எட்டிப் பார்க்கவும் வழியில்லை, மேலே வெயில் குடையை மடித்துக் கட்டியாகிவிட்டது. அதைப் பிரிக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிரித்துத் திரும்ப மடிப்பதற்குள் ஏவும் காலம் தாண்டிவிடும், மடிக்கும்போது கிழிந்தாலும் கிழியும். பிரிக்காமல் அனுப்பினால் ஒரு கண் மூடியபடி மேலே போகும்.

அந்த மூடிக்குப் பொறுப்பு நான். "கழட்டினீங்களா?" இதுதான் பூட்டு தினமும் கேட்ட கேள்வி. "கழட்டினேன் சார்." கழற்றியது கைக்கு ஞாபகம் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்பது இல்லை. கையின் ஞாபகத்தை யார் நம்புவார்கள்? கடைசியில் நானே நம்பவில்லை. நாளை மறுநாள் பிரிக்கத் தொடங்குவதாக இருந்தது. என் பெயர் போட்ட அறிக்கையும் தயாராக இருந்தது.

அப்போது உன் கடிதம் வந்தது. "விளிம்பில் 4" என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் பூட்டைக் கூப்பிட ஓடினார். மன்னித்துக்கொள், கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டியதாயிற்று. அவர் முழுக்கப் படித்தார். "சீக்கிரம் திட்டு" என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

உன் ஷூவுக்குள் இருக்கிறது என்றால் தொலைநோக்கியின் மேல் இல்லை. புரிகிறதா? நீ பயந்தது அப்படியே தலைகீழ்.

அது எப்படிக் கையுறைக்குள் போனது என்று இப்போது தெரிகிறது. மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தபோதுதான் பூட்டு கதவருகே வந்து, "உங்க அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம்" என்றார். கையுறையைச் சுருட்டி இழுத்துக்கொண்டே ஓடினேன். மூடியும் அதோடு சுருண்டிருக்கிறது. குப்பைத் தொட்டியில் போட வேண்டிய கையுறையைப் பையில் திணித்ததுகூட எனக்குத் தெரியாது.

இனிமேல்தான் உனக்குக் கஷ்டம். அந்த மூடியைத் தபாலில் அனுப்பக் கூடாது. இருக்கும் இடத்திலிருந்து பூட்டே நேரில் வந்து எடுக்க வேண்டும், அதுதான் விதி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அப்பா வீட்டில் இருப்பார். அதனால் நம் கடிதம் எல்லாம் வெளியே வந்துவிடும். முதலில் அம்மாவிடம் சொல். எனக்கும் அப்பா என்றால் இந்த வயதிலும் பயம்தான், ஆனால் அங்கே நிற்கப்போவது நீ.

கண்ணைத் தேய்க்காதே. மூடியின் கண்ணைச் சொல்கிறேன். எதையும் தேய்க்காதே, அப்படியே இருக்கட்டும்.

அக்கா

*

மார்ச் 1, இரவு

அக்கா,

பூட்டு சார் வந்துவிட்டுப் போய்விட்டார். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

நீ சொன்னபடி அம்மாவிடம் போனேன். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "அக்காவுக்கு லெட்டர் எழுதுறதா?" என்றாள். "போர்வைக்குள்ள நிலா உதிச்ச மாதிரி வெளிச்சம் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியாதா? அந்தத் தபால்தலை தானா முளைச்சுதுன்னா நினைச்ச?" பிறகு மூடி விஷயத்தைச் சொன்னேன். "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா" என்றேன். "நான் மாட்டேன். அந்த மனுஷன் முகம் போற போக்கைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும், சிரிச்சா வலிக்கும். நீயே சொல்லு."

ஞாயிறு காலையில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். அதற்குள் கதவைத் தட்டும் சத்தம். அப்பா பெயிண்ட் உடுப்போடு போய்த் திறந்தார். வெளியே ஒல்லியாக ஒருவர், கையில் சின்னப் பெட்டி.

"யாரு வேணும்?"

"உங்க சின்னப் பொண்ணைப் பார்க்கணும்."

"அவளா? என்ன பண்ணா?"

"ஒரு பொருளைப் பத்திரமா வச்சிருக்காங்க. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் ஷூவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். "ஷூவ எடுத்து எங்க வைக்கிற?" என்று அப்பா அதட்டினார். பூட்டு சார், "இருக்கட்டுங்க, சரியான இடந்தான்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைக் கையுறை மாட்டி, இடுக்கியை எடுத்தார். ஷூவிலிருந்து சாக்ஸ், சாக்ஸிலிருந்து பஞ்சு, பஞ்சிலிருந்து அது. தூக்கிப் பிடித்தார். அது அவரையே பார்த்தது.

"இது என்னதும்மா?"

"கண்ணு சார்."

"எதுக்கு வரைஞ்சீங்க?"

"அது பாவம், எதையும் பார்க்காம இருக்கேன்னு."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "மூடி எண் நான்கு. சேதம் இல்லை. கூடுதலாக இரண்டு கண்கள், நீல மை." நிஜமாகவே அப்படித்தான் எழுதினார் அக்கா.

அப்பா அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார். "என்ன சார் நடக்குது என் வீட்ல?" என்று கேட்டார். பூட்டு சார் நிதானமாகச் சொன்னார். நான்காம் எண் மூடி, காலிக் குழி, பிரிக்கப் போனது, உன்னை உட்கார்த்தி வைத்தது, எல்லாம். அப்பா தாடையைச் சொறிந்தார்.

"அப்ப இது மாஸ்கிங்."

"என்னங்க?"

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்ன ஹெட்லைட்டு மேல பேப்பர் ஒட்டுவோம் சார். அடிச்சு முடிச்சதும் கிழிச்சிடணும். ஒரு தடவை பையன் கிழிக்க மறந்துட்டான். வண்டிக்காரரு ராத்திரி லைட்டைப் போட்டா ரோடே தெரியல. நல்லவேளை, தெரு முனையிலயே திரும்பி வந்துட்டாரு, வாய்க்கு வந்தபடி ஏசிட்டுப் போனாரு."

"உங்க ஆளு திரும்பி வந்தாரு" என்றார் பூட்டு சார். "எங்களது திரும்பி வராது."

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைத்தான் நான் அப்ப இருந்து கேக்குறேன். திரும்பி வராத இடத்துக்கு எதுக்கு சார் அனுப்பணும்?"

பூட்டு சார் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "நீங்க ஏன்ப்பா விடியறதுக்கு முன்னாடியே பெயிண்ட் அடிக்கிறீங்க?"

"ரோடு முழிச்சா தூசி பறக்கும். பெயிண்ட்ல வந்து ஒட்டும்."

"அங்கயும் அதேதான்ப்பா. இங்க காத்து முழிச்சுக்கிட்டே இருக்கு, தூங்கவே தூங்காது. ஆடிக்கிட்டே இருக்கு, வர்ற வெளிச்சத்த முழுங்குது. அதோட நாம எல்லாரும் சூடா இருக்கோம். நம்ம சூடே அதோட கண்ணைக் கூசும். அதான் தள்ளிப் போகுது." வாளி, ஹேர்பின், இஸ்திரிப் பெட்டி என்று நீ எழுதிய எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

"இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?" என்றார் அப்பா.

உள் அறையிலிருந்து அம்மா, "பாடப் புத்தகத்துல இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்து, "ஐயோ வயிறு" என்றாள்.

"எனக்கும் அந்தப் புத்தகத்துல ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார் அப்பா. கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பூட்டு சார் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். வாசலில் அப்பா அவரை நிறுத்தினார்.

"பெரியவ மேல தப்பு இல்லன்னு ஆகிடுமா?"

"கையுறையத் தொட்டியில போடாம வந்தது தப்புதான். அதுக்கு ஒரு வரி எழுதுவேன். ஆனா அன்னைக்குச் சேதி சொன்னவன் நான். அவங்க ஓடின ஓட்டத்தைப் பார்த்தவனும் நான். வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் போன பிறகு அப்பா வாசலிலேயே நின்றார். நான் ஷூவை எடுத்து வைக்கப் போனேன். பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னதும் கையில என்ன இருக்குன்னுகூடப் பார்க்காம ஓடி வந்திருக்கா." என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

இன்று போர்வைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனாலும் டார்ச்சில்தான். சட்டென்று விளக்கைப் போட இன்னும் பயம். அடுத்த அறையில் குறட்டையே கேட்கவில்லை. அவரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

வாலு

*

மார்ச் 28

வாலு,

ஏவிய அன்று நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். நெருப்பும் புகையும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

குடை விரிந்தது. எங்கும் கிழியவில்லை. பிறகு சின்னக் கண்கள் ஒவ்வொன்றாகத் தன் நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்று பிடித்தது, இரண்டு பிடித்தது, மூன்றும் பிடித்தது. நான்கு பிடிக்கவில்லை. அறையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? மூடி பூட்டின் அலமாரியில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் மனசு ஏதேதோ சொல்லிற்று. பிறகு திரையில் நான்கு என்ற எண்ணுக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. சோம்பேறிக் கண், அவ்வளவுதான். பூட்டு என் பக்கம் வந்து, "உங்க தங்கச்சி வரைஞ்சது வீண் போகல" என்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரியில் இருக்கும் அந்த மூடியின் மையை இன்னும் அவர் துடைக்கவில்லை. விதிப்படி துடைக்க வேண்டும்.

தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி குளிர இன்னும் நாளாகும். பத்திரிகையில் போடுகிற மாதிரி படம் வர மாதங்கள் ஆகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பா என்ன சொன்னார்? "எதையாவது பார்க்கிற வரைக்கும்" என்றுதானே? நான்காம் கண் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டது. அது போதாது என்று அவர் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறேன். இந்தத் தடவை ராங் நம்பர் என்றால், அடுத்த ரயிலில் நேரில் வந்துவிடுவேன் என்று சொல்லிவை.

அக்கா

*

ஏப்ரல் 4, பகல்

அக்கா,

தேதிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறேன் பார். வாசல் பக்கத்து மேஜையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தையல்கார அத்தை கீழிருந்து, "இனிமே தபால்காரர் எனக்கு என்ன கொண்டு வருவாரு?" என்று வருத்தப்பட்டாள். அன்றைக்கு அவள் வாயில் குண்டூசி இல்லை.

நீ போன் பண்ணப்போகிறாய் என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன். நீ சொல்லச் சொன்ன ரயில் மிரட்டலை மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்து, முகம் கழுவி, புருவத்துப் பெயிண்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போனில் பேசுவதற்கு எதற்குப் புருவத்தைத் துடைக்க வேண்டும்? அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் உள் அறையில் போய்த் துணி மடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டோம்.

மணி அடித்தது. எடுத்தார். முதலில் வெறும் மூச்சுதான். பிறகு, "சாப்பிட்டியா?" பிறகு நீ என்ன சொன்னாய் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் பக்கம் மட்டும் கேட்டது. "ம்." "ம்." "குடை கிழியலையே?" "அந்தச் சோம்பேறிக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?" அப்புறம், "அன்னைக்கு வராந்தாவுல நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நீ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "சரி, சரி" என்று மூக்கை உறிஞ்சினார். அம்மா ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இருட்டிவிட்டது. போனை வைக்கும் சத்தம் கேட்டதும் அம்மா ஒன்றும் தெரியாதவள் போல எழுந்து போனாள். அப்பாவின் ஒரு காது சிவந்திருந்தது.

"யாருங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

அப்பா போனை நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து தூக்கி, கூடத்தில் பழைய இடத்திலேயே, எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி வைத்தார்.

"ராங் நம்பர்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். இப்போதெல்லாம் சிரித்தால் அவளுக்கு வலிப்பதில்லை.

வாலு